மூன்று கிரீடம், இரண்டு வேல், ஒரு செப்புக்காசு

தூத்துக்குடி,
2.1.2025, வியாழன்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் சிவபாலன் அவர்களுக்கு, மந்திரமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது.

கோவில்பட்டியில் நீங்களும் வீட்டில் அனைவரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை முத்துக்கனியும் சுகம். நேரில் கேட்க வேண்டியதை எழுதிக் கேட்பதற்கு மன்னியுங்கள். நேரில் வந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்காமலே திரும்பிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். விஷயம் இவ்வளவுதான்: எங்கள் பூஜை அலமாரியில் ஒரு செப்புக்காசு இருக்கிறது. அது எங்களுடையதல்ல. வருகிற திங்கட்கிழமைக்குள் அதை உரியவரிடம் கொடுத்தாக வேண்டும். உங்கள் தங்கை கொடுக்க மாட்டேன் என்கிறாள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

காசு கிளைட்டனுடையது. என்னிடம் வேதியியல் படித்துத் தேறாமல் போன பையன். இப்போது நாற்பது வயதாகிறது, சங்கு குளிக்கப் போகிறான். போன மாதம் இருபதாம் தேதி, கடலடியில் சங்கு பொறுக்கும்போது கையில் அகப்பட்டதாக இதைக் கொண்டுவந்து, “கெமிஸ்ட்ரி சாருக்குத் தெரியாததா? எந்த ஊர்க் காசுன்னு மட்டும் சொல்லுங்க சார்” என்று கையில் வைத்துவிட்டான். தெரியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் முறைப்படி ரசீது எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்: “செப்பு நாணயம் ஒன்று. ஜனவரி ஆறாம் தேதிக்குள் திருப்பித் தரப்படும்.” அந்த ரசீதுதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

நம் ஊரில் மண்ணுக்குள் எது கிடைத்தாலும் டச்சுக்காரன் காசு என்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். டச்சுக் கம்பெனியின் எழுத்துப் பின்னல் இதில் இல்லை, எனவே அடித்துவிட்டேன். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களுடையதோ என்று அடுத்த நான்கு நாட்கள் பார்த்தேன். அவர்கள் காசில் அரசர் பெயரின் முதலெழுத்தும் மேலே ஒரு கிரீடமும் இருக்க வேண்டும். இதிலோ ஒரு கேடயத்துக்குள் மூன்று கிரீடங்கள். மறுபக்கம் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அம்புகள். நகைக்கடைத் தராசில் மூன்று முறை நிறுத்தேன், பதினான்கு கிராம் சொச்சம். நூலகத்திலிருந்து நாணயப் பட்டியல் நூலை எடுத்துவந்து பக்கம் பக்கமாகத் தள்ளியதில், ஒரு மத்தியானம், அதே மூன்று கிரீடம், அதே அம்புகள்! சுவீடன் தேசம், பிரெடரிக் அரசர் காலம். அம்புகள் அவர்களுடைய செம்புச் சுரங்க மாகாணத்தின் சின்னமாம். சுவீடனில் வெட்டியெடுத்த செம்பு நம் கடலடிச் சங்குப் பாரில் வந்து எப்படிக் கிடந்தது, எந்த மாலுமி தவறவிட்டான், தவறவிட்டதும் குனிந்து பார்த்தானா என்றெல்லாம் யோசித்து அன்று சாப்பிடவே மறந்துவிட்டேன்.

ஒரே குறை, ஆண்டு. பதினேழு என்று முதல் இரண்டு இலக்கம் தெரிகிறது. பின்னிரண்டும் தேய்ந்துபோய்விட்டன. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன், சன்னலோரம் பார்த்தேன், காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். பஞ்சு பஞ்சாகத்தான் தெரிகிறது. இந்த வகை இருபத்தோரு ஆண்டுகள் அடிக்கப்பட்டதால், இருபத்தொன்றுக்கும் கட்டம் போட்டு எது கூடும், எது கூடாது என்று குறித்துவருகிறேன். இதுவரை இரண்டுதான் அடிபட்டன. அவையும் சரியாக அடிபட்டனவா என்பது சந்தேகம்.

யாரும் கைவைக்காத இடம் என்று காசைப் பூஜை அலமாரியில் வைத்ததுதான் நான் செய்த பிழை. இருபத்தாறாம் தேதி காலையில் பார்க்கிறேன், காசு புளி போட்டு விளக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் வைக்கப்பட்டு, திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் வெற்றிலை மேல் இருக்கிறது. பழைய நாணயத்தை விளக்கவே கூடாது என்று அந்த நூலின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.

“ஏங்க, இத்தன நாளா சொல்லாம வச்சிருந்தீங்களே? முருகன், வள்ளி, தெய்வானை, மூணு பேருக்கும் கிரீடம் இருக்கு. பின்னால வேலு இருக்கு.”

“அது அம்பு, முத்துக்கனி. வேல் என்றால் ஒன்றுதானே இருக்கும்? இது இரண்டு.”

“உங்களுக்குக் கண்ணு ரெண்டுல்லா? கண்ணுக்கு ஒரு வேலு. கணக்கு சரியாத்தான வருது?”

அந்தக் கண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புரை முற்றிவிட்டது, அறுவை செய்யலாம் என்று டாக்டர் எட்டு மாதமாகச் சொல்கிறார். நான்தான் அவசரமில்லை என்று இருக்கிறேன். கண்ணுக்குள் கத்தி என்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் வியர்க்கிறது. தவிர, எனக்கு எல்லாம் போதுமான அளவு தெரிகிறது. உங்கள் தங்கையோ நான் அதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று அந்தக் காசை வைத்து நேர்ந்துவிட்டாள். தைப்பூசம் வரை நாற்பத்தெட்டு நாள். நான் சம்மதித்தால் அன்றே எடுத்துவிடலாமாம். இல்லாவிட்டால் காசு அசையாதாம்.

கிளைட்டனுக்கும் திங்கட்கிழமையைத் தள்ளிப்போட வழியில்லை. அவனிடம் சுவீடன் என்று சொன்னேன்.

“அங்கன மூணு ராஜா உண்டா சார்?”

“ஒருவர்தான்.”

“பொறவு எதுக்கு மூணு கிரீடம்? ஆறாம் தேதி மூணு ராஜா திருநாளு சார். கிரீடத்தக் கழட்டி எனக்குத் தந்திருக்காவ. அன்னைக்கு அத வல்லத்து அணியத்துல வச்சு ஜெபம் பண்ணணும்னு வீட்ல சொல்லிட்டேன்.”

அணியம் என்றால் படகின் முன்பக்கம். மூன்று கிரீடம் எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமையில்லை. பாலன் இயேசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்களின் கிரீடம் என்றும் சிலர் சொல்கிறார்களாம். அதை நான் கிளைட்டனிடம் சொல்லவில்லை. முத்துக்கனியிடம் சொல்லவே இல்லை.

ஆகவே தாங்கள் தயவுசெய்து ஒரு போன் போட்டு, கண்ணைப் பற்றி எதுவும் பேசாமல், காசைப் பற்றி மட்டும் பேசி, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், அவளை இணங்க வைக்க வேண்டும். என் சொல் தவறக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன். பேரப்பிள்ளைகள் எல்லாம் பெற்று நெடுநாள் வாழ முருகன் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
மந்திரமூர்த்தி.

பின்குறிப்பு (வெள்ளி காலை): தபாலில் சேர்க்கப் புறப்படும்போது கிளைட்டன் வந்துவிட்டான். அவன் கேட்கும் முன்பே முத்துக்கனி காசைத் தட்டோடு கொண்டுவந்து, “ஏலே கிளைட்டன், இதுல வருசம் என்ன போட்டிருக்குன்னு சாருக்கு வாசிச்சுக் காட்டு” என்றாள். அவன் கையை நீட்டிப் பிடித்து, “ஒண்ணு, ஏழு, நாலு, ஏழு” என்றான். கண்ணாடிகூடப் போடவில்லை. உனக்கும் தெரிந்ததா என்று அவளைக் கேட்டேன். “அன்னைக்கே தெரிஞ்சுது. நீங்க கேட்டாத்தான?” தேய்ந்தது காசு அல்ல என்று எனக்கு அப்போது விளங்கியது. இந்த மாதம் இருபதாம் தேதி அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். அவள் குங்குமத்தைத் துடைத்து, காசை அங்கேயே கிளைட்டன் கையில் கொடுத்துவிட்டாள். ரசீது திரும்பி வந்துவிட்டது. எனவே மேலே கேட்ட உதவி வேண்டாம். இதை நான் சொல்ல, முத்துக்கனி எழுதுகிறாள்.

அண்ணன், மேல என்ன எழுதியிருக்காவன்னு எனக்கு ஒரு எழுத்துகூட விளங்கல. வரி மேல வரி ஏறிக் கிடக்கு. உங்களுக்கும் விளங்காது, விடுங்க. இருபதாம் தேதி காலையில வந்துருங்க. ரொம்பப் பயப்படுதாவ.