பத்து செகண்ட்தானே!

“புறங்கையில வேணாம், எரியும்!” மேசையில் படுத்திருந்த லாரி டிரைவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மயக்க மருந்து டாக்டருக்குக் கோபம் வந்தது. புறங்கையில் ஊசியைச் சொருகி ஒட்டியும் ஆகிவிட்டது.

“லேசா சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்.”

“சுருக்கா? போன தடவை கை பத்திக்கிட்டு எரிஞ்சுது டாக்டரம்மா. அந்த அலறலைக் கேட்டுட்டு, ‘பத்து செகண்ட்தானே’ன்னு சிரிச்சாங்க.”

இப்போது அவளுக்கு அப்படிச் சிரித்தவர்கள் மேல் கோபம் வந்தது. தூக்க மருந்து ஏறும்போது வரும் அந்த எரிச்சலைத் தடுக்கலாம் என்று இங்கே அவள் சொல்லாத நாளில்லை.

“எரியாம பாத்துக்கறேன்,” என்றாள்.

கதவில் சர்ஜன் தலை தெரிந்தது. “இன்னிக்கு லேட்டாச்சு, இந்த எரிச்சல் வைத்தியத்துக்கெல்லாம் இனிமே இங்க இடமில்ல. சொல்லிட்டேன்.”

முழங்கை மடிப்பில் ரத்தக்குழாய் பெரியது, எரிச்சல் குறையும். அங்கே குத்தினாள்.

“எரியாதுன்னு சொல்லிட்டு ரெண்டாவது ஓட்டையா?” கோபத்தில் டிரைவர் கையை மடக்க, சலைன் சொட்டு நின்றது.

சிஸ்டர் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள்.

“கட்டிப் போடறீங்களா! நான் என்ன திருடனா?”

டாக்டர் மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கி, மரத்துப்போக வைக்கும் மருந்தை முதலில் ஏற்றினாள். அது கைக்குள்ளேயே நிற்க ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

“ஐயோ, கை செத்துப்போச்சு! ஸ்டியரிங்க யாரு பிடிக்கிறது, நீயா?”

ரத்த அழுத்தம் எகிறி மானிட்டர் கத்தியது. சர்ஜன் அதற்கு மேல் கத்தினார். “இதுதான் உங்க வலியில்லாத வைத்தியமா?”

“ஒரு நிமிஷம் வாயை மூடுங்க சார்!” என்றாள் டாக்டர், சர்ஜனைப் பார்த்து. யாரிடமும் குரல் உயர்த்தியறியாதவள். சிஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பட்டையை அவிழ்த்து, தூக்க மருந்தைச் செலுத்தினாள்.

“எரியட்டும், அப்புறம் இருக்கு உங்க எல்லாருக்...” டிரைவர் குறட்டை விட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சண்டையைத் தொடர்ந்தார். “எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பீங்க? மருந்தை ஏத்துங்க!”

“எல்லாம் முடிஞ்சுது. எரிஞ்சுதா?”

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லியே.” கண் கலங்கியது. “அப்போ அன்னிக்கும் எரியாம பண்ணியிருக்கலாம்ல? படுபாவிங்க!”

டாக்டர், கட்டிலருகே வந்து நின்ற அவர் மனைவியைப் பார்த்தாள். “போன ஆபரேஷன்ல ரொம்பக் கஷ்டப்பட்டுட்டார் போல.”

“இவருக்கு இதுதாங்க முதல் ஆபரேஷன்,” என்றாள் மனைவி. “அன்னிக்கு அலறினது நான்.”