முழங்கையாரின் விசில்

"சார், ரெண்டாவது ஆல்பத்துலயும் அந்த விசில் பாட்டு இல்ல" என்றார் இசைத்தட்டுக் கம்பெனி மேனேஜர் போனில்.

முழங்கையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காலத்தில் ஊரையே ஆட்டிவைத்த பாப் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர். ஹிட் பாடல்களின் முதல் தொகுப்பில், அட்டைப் படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் விழுந்திருந்தது, பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இப்போது வரப்போவது அதிகம் தெரியாத ஹிட்டுகளின் தொகுப்பு. அவர் தனியாக விசிலடித்த ஒரே பாட்டு அதிலும் இல்லையென்றால், காலத்துக்கும் வெறும் முழங்கைதான்.

"ஏன் இல்ல?"

"யாருக்குமே தெரியல சார்."

"தெரியாத பாட்டுங்களுக்குத்தானே ஆல்பமே!"

"தெரியாததுன்னாலும் நாலு பேருக்காவது தெரியணுமில்ல?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "அந்தப் பாட்ட விட்டுத்தொலைங்களேன்" என்றாள். அந்தப் பாட்டு பதிவான ஸ்டுடியோவில் ரிசப்ஷனிஸ்டாக இருந்து, பிறகு அவரைக் கைப்பிடித்தவள்.

"என் விசிலோட அருமை உனக்கெங்க தெரியும்?"

"அப்ப ஒரு தடவ அடிங்க, கேப்போம்."

"பெரிய கலைஞன் சமையல்கட்டுல விசிலடிக்க மாட்டான். அதுக்குக் குக்கர் இருக்கு."

சலூன்காரர், பேக்கரிக்காரர், பல் டாக்டர் என்று எல்லோரையும் கெஞ்சி, பாட்டை ஓடவிட்டார். ஒரே வாரத்தில் தெருவே அந்த விசிலை அடித்தது. பல் பிடுங்க வாயைத் திறந்தவர்கள்கூட அதே மெட்டில் முனகினார்கள்.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "என்ன சார் பண்ணீங்க? இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. தெரியாத பாட்டுல எப்படிச் சேர்க்கிறது?"

முழங்கையார் கடை கடையாக ஓடினார். "நிறுத்துங்கப்பா, புண்ணியமாப் போகும்!"

நிறுத்தச் சொன்னதும், இதில் என்னவோ விஷயம் இருக்கிறதென்று பக்கத்துத் தெருவும் கேட்க ஆரம்பித்தது.

மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "முதல் பாட்டே அதான் சார். வெளியீட்டு விழாவுல நேர்ல விசிலடிச்சுடுங்க."

விழா மேடை. முழங்கையார் உதட்டைக் குவித்தார். காற்று வந்தது. மூச்சைப் பிடித்து மறுபடி ஊதினார். நிறையக் காற்று வந்தது.

அரங்கம் சிரிக்கத் தொடங்கியபோது முன்வரிசையிலிருந்து அந்த விசில் எழுந்தது. சுருதி இம்மி பிசகவில்லை. மனைவி! கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

முழங்கையார் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தார். "அடியே, என் விசில எப்படிக் கத்துக்கிட்ட?"

அவள் தலை குனிந்துகொண்டாள். குழுவுக்கு அந்தக் காலத்திலிருந்தே ஒலிப்பதிவு செய்த இன்ஜினியர், மைக் ஒயரைச் சுருட்டியபடி சிரித்தார்.

"கத்துக்கிட்டாங்களா? அன்னைக்கு ரெக்கார்டிங்லயும் உங்களுக்குக் காத்துதான் வந்துச்சு சார். உங்கள டீ குடிக்க அனுப்பிட்டு, ரிசப்ஷன்லேர்ந்து இவங்களத்தான் கூப்பிட்டோம், 'பாவம், அவர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாங்க!"