வாய் திறக்காத வேடம்

ஓவியா மேடை ஏற இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. தெரிந்தவர்கள் பதினெட்டுப் பேர் டிக்கெட் எடுத்தாயிற்று என்று குடும்பத் தோழி யாமினி வாட்ஸப்பில் அறிவித்ததும், ஓவியாவின் அப்பா நஞ்சுண்டனுக்கு வியர்த்தது.

எட்டு வயது ஓவியாவுக்கு ஓபரா என்ற இசை நாடகத்தில் கிடைத்தது, ராணிக்குப் பின்னால் விளக்கேந்தி நான்கு நிமிடம் நிற்கும் வேடம். பாட்டு கிடையாது. ஆனால் கலிஃபோர்னியாவின் சான் ரமோன் தமிழ்ப் பள்ளி வாசலில், "ஓபராவுல பாடறாளாங்கண்ணா?" என்று யாமினி கேட்டபோது அவன் தலை ஆமென்று தானாக ஆடிவிட்டது.

இப்போது யாமினிக்கு ஃபோன் செய்தான்.

"ஓவியாவுக்குத் தொண்டை கட்டிருச்சும்மா. நாளைக்குப் பாட மாட்டா. சும்மா நிப்பா."

"அச்சச்சோ!"

அரை மணி நேரத்தில் யாமினி ஃபிளாஸ்க் நிறையச் சுக்குக் கஷாயத்துடன் வந்து நின்றாள். சோபாவில் ஓவியா சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"தொண்டை கட்டினவளுக்குச் சிப்ஸாண்ணா?"

"காய்ச்சல் வேற. வாய்க்கு எதுவும் பிடிக்கலையாம்."

"ஐ ஆம் நாட் சிக், அப்பா!"

"பாரும்மா, உளர்றா."

யாமினி பயந்துவிட்டாள். அவன் டம்ளர் எடுத்துவரச் சமையலறைக்குப் போன நேரத்தில், கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஓபரா தியேட்டர் எண்ணைக் கூப்பிட்டு, ஓவியாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியும் விட்டாள்.

"அங்க இருபது குழந்தைங்க ஒண்ணா இருக்காங்கண்ணா. சொல்லாம விடலாமா?"

உடனே அவன் ஃபோன் அடித்தது. தியேட்டரில் குழந்தைகளுக்குப் பொறுப்பான பெண் பேசினாள். காய்ச்சல் உள்ள குழந்தையை விட முடியாதாம். விளக்கை வேறொரு சிறுமி பிடிப்பாளாம்.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாம் ஓவியாவுக்கும் கேட்டது. அசையாமல் நிற்க ஆறு வாரம் பழகியவள். சோபாவிலிருந்து எழுந்து இப்போதும் அப்படியே நின்றாள். கண்ணீர் மட்டும் இறங்கியது.

நஞ்சுண்டன் ஃபோனை வாயருகே கொண்டுபோனான். "அவளுக்கு ஒன்றுமில்லை மேடம். நான்தான் பொய் சொன்னேன்" என்றான் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் சொன்னாள்: "நாளை ஒரு மணி நேரம் முன்னதாக அழைத்து வாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்."

ஓவியா மூக்கை உறிஞ்சினாள். அவன் யாமினியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அவ பாடலைம்மா. ஆரம்பத்துல இருந்தே அவளுக்குப் பாட்டு இல்ல."

"தெரியும்ணா. வெப்சைட்லயே போட்டிருக்கே. நீங்க சந்தோஷமாச் சொன்னீங்க, கெடுப்பானேன்னு விட்டேன்."

"தெரிஞ்சுமா பதினெட்டுப் பேரும் வர்றீங்க?"

யாமினி ஃபிளாஸ்க்கை மூடினாள்.

"பொங்கல் விழாவுல நீங்க பாடினதக் கேட்டவங்கண்ணா நாங்க. உங்க பொண்ணு பாட மாட்டான்னு உறுதியான பிறகுதான் டிக்கெட்டே எடுத்தோம்."