ராகு காலத்தில் செருகிய தகடு

கோயிலில் கூட்டம் என்றால் சரி. தி.நகரில் ஜவுளிக்கடையில் கூட்டம் என்றாலும் சரி. ஆனால் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், ஒரு கம்ப்யூட்டர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது ஒரு கூட்டம். கையில் லேப்டாப், நெற்றியில் குங்குமம். லேப்டாப்புக்கும்தான்.

கடைக்காரர் கபாலி. சமீபம்வரை போன் கவர் விற்றவர், இப்போது ‘சிப் சித்தர்’. லேப்டாப்பில் தகவல்களைச் சேமிக்க, விரல் நீளத்தில் எஸ்எஸ்டி தகடு விற்பார். வீட்டில் செருகினால் பலருடைய லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், “இன்னா நைனா, ராகு காலத்துல சொருகிட்ட, தோஷம் புட்சிகிச்சு” என்பார். பட்டுத்துணியால் மூடுவார், மணி அடிப்பார், தட்சிணை வாங்குவார். துணியை எடுத்தால் தகடு வேலை செய்யும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எல்லாம் படித்த கூட்டம், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மயிலாப்பூர் விஜயராகவன் தன் மகள் சாருலதாவுடன் வந்தார். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அதற்கான மென்பொருளுக்குப் பழைய டிஸ்கில் இடமில்லை. இங்கே வாங்கிய தகட்டையோ லேப்டாப் சீந்தவில்லை.

“இப்ப ராகு காலம் நடந்துகினு கீது. பன்னெண்டுக்கு மேல வா கண்ணு.”

“அதுக்குள்ள வேலை போயிடும்.”

“அவர் சொல்றாரோன்னோ, பொறுத்துண்டு இருடி” என்றார் அப்பா.

சாருலதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேசைமேல் இருந்த பட்டுத்துணியை இழுத்தாள். அடியில் இன்னொரு தகடு. அதன் தங்க நிற விளிம்பில் ஒரு வெட்டு, அவளுடையதில் இரண்டு.

“என்னோடது சாட்டா. இது என்விஎம்இ. பாக்க ஒரே மாதிரி, பேசற பாஷை வேற. என் லேப்டாப்புக்கு சாட்டா பாஷை தெரியாது. இவர் துணிக்கு அடியில தகட்டை மாத்தறார், அவ்வளவுதான்.”

“சாமி குத்தம்மா” என்றார் ஒரு வங்கி அதிகாரி.

“சரி, சோதிச்சுப் பாக்கலாம். என் தகட்டுக்கே பூஜை பண்ணுங்க. துணி மட்டும் வேண்டாம்.”

கபாலி மணி அடித்தார். மந்திரம் ஓதினார். தகடு அசையவில்லை, அவருக்கு வேர்வைதான் வழிந்தது. சாருலதா அதைக் கழற்றிவிட்டு, நல்ல ராகு காலத்தில், மணியும் மந்திரமும் இல்லாமல் ஒற்றை வெட்டுத் தகட்டைச் செருகினாள். திரையில் உடனே புது டிஸ்க் தெரிந்தது. மென்பொருளை இறக்கி, அந்த வாசற்படியிலேயே இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள்.

கபாலி பின்வாசல் வழியாகப் போய்விட்டார். வங்கி அதிகாரி மெதுவாக விஜயராகவனிடம் கேட்டார்: “உங்க பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்?”

லேப்டாப்புக்கு மூளை இல்லை என்கிறோம். தனக்குப் புரியாததை அது உள்ளே சேர்ப்பதில்லை. மூளையுள்ள மகாஜனங்களே, உங்களுக்கு அந்த ரோஷமாவது வேண்டாமா?