உப்புப் போட்ட கடல்

இந்த ஆண்டும் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். எடுத்த முடிவை மனைவியிடம் சொல்வதில்லை என்று உடனே இன்னொரு முடிவும் எடுத்தேன். முதலாவதைவிட இரண்டாவதுதான் முக்கியம்.

கடல் விவகாரம் பழையது. கல்யாணமான புதிதில், பேச ஒன்றும் தோன்றாத ஒரு மதியத்தில், "உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். மற்ற மாப்பிள்ளைகள் நிலாவைப் பறித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நிலாவை யாரும் பிறகு கேட்பதில்லை. நான்தான் அவசரத்தில் ரயில் போகிற இடமாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

அவளோ ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுன்ட்டரில் வேலை பார்க்கிறவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே கடலுக்கு அனுப்புகிறாள். "இன்னிக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே அனுப்பி வச்சேங்க" என்பாள், சாப்பிடும்போது. நான் தட்டைப் பார்ப்பேன். ஒவ்வோர் ஆண்டும் என் கையில் ஒரு காரணம் இருக்கும். ஓர் ஆண்டு வெயில், ஓர் ஆண்டு மழை. வெயிலும் மழையும் ஒழுங்காக இருந்த ஆண்டுகளில் முதுகு.

உண்மைக் காரணம் என் சாய்வு நாற்காலி. விடுமுறை என்றால் அதில் சாய்ந்து கண்ணை மூடுவது என்றுதான் நான் புரிந்துவைத்திருக்கிறேன். பெட்டி தூக்குவது, மணலில் நடப்பது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிப்பது இவையெல்லாம் என் அகராதியில் வேலை.

இந்த ஆண்டு நிலைமை முற்றிவிட்டது. அவளுக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. கடலுக்கென்று ஒதுக்கிவந்த பணமும் சேர்ந்துவிட்டது. என் முதுகை டாக்டர் தட்டிப் பார்த்து, நூறு வயதுக்குத் தாங்கும் என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கட்டுரை என் மேசைக்கு வந்தது.

நான் ஒரு நாளிதழில் புரூஃப் ரீடர். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. டெண்டர் விளம்பரம், இரங்கல் அறிவிப்பு மாதிரி, தப்பு வந்தால் வக்கீலும் கூடவே வருகிற சமாச்சாரங்களை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். ஏற்ற இறக்கம் இல்லாத, தூங்குமூஞ்சிக் குரலில். இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்தபடி ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்பார். "ம்" என்றால் சரி, மேலே போ. அந்த "ம்" நாற்காலியில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. இப்போது யார் ஒரே சீரான குரலில் இரண்டு வரி பேசினாலும் என் வாய் தானாக "ம்" என்று பாஸ் போட்டுவிடும். இதனால் பல் டாக்டரிடம் ஒரு பல்லை இழந்திருக்கிறேன். நல்ல பல்.

கட்டுரையின் தலைப்பு: 'விலை உயர்ந்த மெய்நிகர்க் கருவி சாதாரணக் குடும்பங்களைக் கவருமா?' இத்தனை ஆண்டுகளாக எழுத்தை மட்டும் பார்த்தவன், அன்று முதல்முறையாக அர்த்தத்தையும் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. முகத்தில் மாட்டிக்கொண்டால் மலை வருமாம், காடு வருமாம், கடல் வருமாம். கடல் என்ற சொல்லில் என் பேனா நின்றுவிட்டது. கட்டுரை, 'காலம்தான் பதில் சொல்ல வேண்டும்' என்று முடிந்தது. எங்கள் பத்திரிகையில் எல்லாக் கட்டுரைகளும் அப்படித்தான் முடியும். காலத்துக்கு எதற்குச் சிரமம் என்று நானே கடைக்குப் போய்விட்டேன்.

கடல் பணம் முழுதும் ஒரு பெட்டியாக வீட்டுக்கு வந்தது.

கட்டுரையில் அதன் பெயர் மெய்நிகர்க் கருவி. கடைக்காரர் அதை வி.ஆர். ஹெட்செட் என்றார். என் மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னங்க இது, மூக்குப்பெட்டி?" என்றாள். வீட்டில் நிலைத்த பெயர் அதுதான்.

"கண்ணை மூடிக்கோ. உனக்கு ஒண்ணு காட்டறேன்."

"கண்ணை மூடினா எப்படிங்க பாக்கறது?"

"சரி, திறந்துக்கோ. இதை மாட்டு."

மாட்டினாள். சாய்வு நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். அந்தத் தியாகத்தை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவள் வலது கை மெல்ல எழுந்து, எதையோ தொடப்போவது போல நடுக்காற்றில் நின்றது. தண்ணீரைத் தடவுகிற விரல்கள் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஜன்னல் வெயில் அவள் மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் பாதியைப் பெட்டி மறைத்திருந்தும், கல்யாணமான புதிதில் பார்த்த அதே பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். எனக்கே ஒரு கணம் என்னவோ போல ஆகிவிட்டது.

கழற்றினாள். கண்களைச் சுற்றி வளையம் போல ஒரு சிவப்புத் தடம்.

"எப்படி?"

"கடல் நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

"கால் நனையல."

"அது ஒரு குறையா? சரி பண்ணிடலாம். வேற?"

"பக்கத்துல திரும்பிப் பாத்தேன். நீங்க இல்ல. வெறும் மணலா இருந்துச்சு."

இரண்டாவது குறை எனக்கு வசதியில்லாத குறை. அதனால் அதைக் காதில் வாங்காமல் முதல் குறையைச் சரிசெய்யப் போனேன். துணி அலசுகிற அகலமான தொட்டியை இழுத்துவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். தண்ணீர் நிரப்பி, இரண்டு கை உப்புப் போட்டுக் கரைத்தேன். டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைத்து, தலையை ஆட்டவிட்டேன். காற்று வந்தது, போனது, மறுபடி வந்தது. அச்சு அசல் கடற்கரை.

அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மாடி மாடியாகக் கம்பியில் தொங்குகிற மனிதர். நாங்கள் அவரை லிஃப்ட்காரர் என்போம்.

"என்ன சார், வீட்டுக்குள்ள தொட்டி?"

"கடல்."

"ஓஹோ." தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "நான் மாட்டிப் பாக்கலாமா?"

மாட்டினார். நான் அவருக்கு மலை உச்சியிலிருந்து தெரிகிற கடலைப் போட்டேன். 'அம்மா' என்று அலறி, தரையில் உட்கார்ந்து, என் முழங்காலைக் கட்டிக்கொண்டார். கழற்றிவிட்ட பிறகும் விடவில்லை.

"ஏன் சார், இதை மாட்டிக்கிட்டா வீட்ல கூப்பிடறது காதுல விழாதா?"

"விழும். காதைத் திறந்துதான் விட்டிருக்கான்."

"அப்புறம் எதுக்கு சார் இதுக்கு இவ்வளவு விலை?"

அந்தக் கேள்வியைக் கட்டுரை எழுதியவர் கேட்டிருந்தால் காலம் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அவர் போன பிறகு என் மனைவி தொட்டியில் விரலை விட்டு உப்பு பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நிஜமாவே கடலுக்கு வர இஷ்டம் இல்லையா உங்களுக்கு?"

"அதான் இங்கேயே இருக்கே."

"சரிங்க," என்றாள்.

கவுன்ட்டரில் நேரம் முடிந்ததும் கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் இறக்குவாளே, அப்படி ஒரு "சரிங்க". நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கு மாலை ஷிப்ட். மதியத்தில் இருவரும் வீட்டில் இருப்போம். அந்த மதியங்களில் மூக்குப்பெட்டி என் முகத்துக்கு இடம் மாறியது. "சும்மா கிடக்குதே, நீங்களாவது பாருங்க" என்று அவளே மாட்டிவிட்டாள். அவளே தண்ணீரும் மாற்றினாள். அவள் உப்பு என் உப்பைவிடச் சரியாக இருந்தது.

கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அது ஒரு நிறமல்ல. கரையருகே தேநீர் போல இருந்து, கொஞ்சம் தள்ளிப் பச்சையாகி, அதற்கும் அப்பால் பெயர் இல்லாத ஒரு நீலத்தில் போய்க் கரைந்தது. அலை வந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, மறந்துபோய்த் திரும்பியது. மறுபடி வந்தது. தொலைவில் ஒரு படகு. அது கரைக்கும் வரவில்லை, கண்ணைவிட்டு மறையவும் இல்லை. நாற்காலி மெல்ல என்னைவிட்டு நழுவியது. ஃபேன் காற்று, ஃபேனில்லாத ஏதோ தூரத்திலிருந்து வந்தது. கால் விரல்களுக்கிடையே தண்ணீர் அசைந்தது. நான் அசைத்ததாக நினைவில்லை.

அந்த அலைகளுக்கு நடுவே சில சமயம் ஒரு குரல் கேட்கும். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். அக்கரையில் யாரோ படிப்பது போல.

"...ரெண்டு பேரு..."

"ம்."

"...கீழ் படுக்கை..."

"ம்."

அலை வந்தது, போனது. ஆபீசில் இருப்பதாகவும் ஆபீஸ் கடலோரத்தில் இருப்பதாகவும் கனவு மாதிரி ஓடியது. சுகமான வேலை.

இப்படியே சில மதியங்கள் போனதில் எனக்கு ஒரு வியாதி பிடித்தது. அந்தப் படகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? எத்தனை தரம் பார்த்தாலும் படகு அதே இடம்தான். ஒரே பறவை அதே மூலையிலிருந்து வந்து அதே மூலைக்குப் போயிற்று. ஒருநாள் கடலில் உட்கார்ந்தபடியே பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். வெறும் மணல். அவள் சொன்னது அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போய் லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். எனக்கு லீவு என்றதும் மேலதிகாரி எழுந்து நின்றார். வழியில் ஒரு கடையில் அகலமான ஓலைத் தொப்பி ஒன்று வாங்கினேன். ஆம், தொப்பி! நூறு வயது முதுகோடு, பெட்டி என்ன, அவளையே தூக்கிக்கொண்டு மணலில் நடக்கத் தயார் என்கிற மிதப்பில் மதியம் வீட்டுக்குள் நுழைந்தேன்.

நாற்காலி இருந்தது. தொட்டி இருந்தது. ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மூக்குப்பெட்டியைக் காணோம்.

அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்காரர் அதன் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? தொப்பி நல்லா இருக்கே. யாருக்கு?"

"எனக்குத்தான். கடலுக்குப் போறோம்! நிஜக் கடலுக்கு! நானும் நீயும்!"

அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு மடித்தது.

"டிக்கெட் போட்டாச்சேங்க."

"பாத்தியா! எனக்குத் தெரியும். ரெண்டு பேருக்குத்தானே?"

"ரெண்டு பேருக்குத்தான். எனக்கும் என் தங்கச்சிக்கும்."

"யாரைக் கேட்டுப் போட்டே?"

"உங்களைக் கேட்டுத்தான். ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினேனே. ஒவ்வொண்ணுக்கும் ம்னீங்களே."

"எப்போ?"

"நீங்க கடல்ல இருந்தப்போ."

"அதெல்லாம் ஒரு சம்மதமா? அது ஆபீஸ் ம்!"

லிஃப்ட்காரர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "இல்ல சார், நான் கூடவே நின்னேன். நல்லாக் கேட்டுத்தான் சொன்னீங்க. 'நானும் என் தங்கச்சியும் கடலுக்குப் போறோம் நீங்க வீட்டைப் பாத்துக்கணும்'னு அவங்க படிச்சப்போ, நடுவுல நிறுத்தினீங்களே."

எனக்கு உயிர் வந்தது. "நிறுத்தினேனா? என்ன சொன்னேன்?"

"'போறோம்'க்கு அப்புறம் ஒரு காற்புள்ளி போடுன்னீங்க. அவங்க போட்டாச்சுன்னாங்க. நீங்க ம்னுட்டீங்க."

தொப்பி கையில் கனத்தது.

"பணம் ஏது?"

"மூக்குப்பெட்டியைக் காலையில திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர், வாங்கினவர் சம்மதம் வேணும்னாரு. நேத்து நீங்க கடல்ல இருந்தப்பவே போனை உங்க காதுல வச்சேன். அவருக்கும் ஒரு ம்."

கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "உங்களை மாதிரி தெளிவா ம் சொன்ன கஸ்டமரை நான் பாத்ததில்ல சார். வருத்தப்படாதீங்க. இதுவரைக்கும் நாலு வித்தேன், அஞ்சு திரும்பி வந்துடுச்சு."

"நாலு வித்தா அஞ்சு எப்படிய்யா திரும்பி வரும்?"

"வேற கடையில வாங்கினவர் ஒருத்தரும் எங்கிட்டயே கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டார் சார். அவர் வீட்டம்மா வாசல்லயே நின்னாங்க. என்னால மறுக்க முடியல."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சரணடைந்தேன்.

"இன்னொரு டிக்கெட் போடேன். நீதானே கவுன்ட்டர்ல இருக்கே."

"எல்லாம் முடிஞ்சுதுங்க. காத்திருக்கணும்."

"காத்திருக்கேன். எத்தனையாவது நம்பர்?"

"கல்யாணத்துலேர்ந்து நான் காத்திருந்தேன். எனக்கு யாரு நம்பர் கொடுத்தா?"

சொல்லிவிட்டு, என் கையிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. அதுவும் பெட்டிக்குள் போயிற்று.

இப்போது எனக்கு லீவு. கொடுத்த லீவை மேலதிகாரி திரும்ப வாங்க மறுத்துவிட்டார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சாய்வு நாற்காலி, மதியம், முழு வீடு. இருந்தாலும் தொட்டியை எடுத்துவைக்க மனம் வரவில்லை. தண்ணீர் நிரப்பி, உப்புப் போட்டு, காலை விட்டு உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட்காரர் வாசல்படியில் நின்று, வராத அலையை என்னோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டால் முதலில் அலைதான் பேசியது. நிஜ அலை. ஒவ்வொன்றும் வேறு வேறு மாதிரி விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நீலம் வந்தது. படகு வந்தது. இந்த முறை அது அசைந்த மாதிரி இருந்தது. எங்கோ தொலைவில், ஏற்ற இறக்கம் இல்லாமல், அவள் குரல்.

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

"தொட்டித் தண்ணியை மாத்தினீங்களா?"

"ம்."

"தங்கச்சி இன்னும் ஒரு வாரம் இருக்கலாம்கறா அடுத்த வருஷமும் நாங்க ரெண்டு பேரும் வரலாம்கறா."

"ம்."

வாசல்படியிலிருந்து லிஃப்ட்காரர் கேட்டார்: "காற்புள்ளி வேண்டாமா சார்?"