வாசிக்க வைத்ததற்கு வருத்தம் தெரிவிக்க மாட்டேன்

மாடி வீட்டில் வசிப்பவளும், நூலக வாசிப்புத் துணைக் குழுவின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளரும், என்னுடன் பிறந்த ஒரே அக்காவுமான உனக்கு,

கீழ் வீட்டுத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு நீயும் அத்தானும் மருமகனும் நலமாக இருக்கிறீர்கள் என்பது காலையிலிருந்து என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியின் சத்தத்திலேயே தெரிகிறது. ஆகையால் நலம் விசாரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய கடிதம் தபாலில் கிடைத்தது. மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்கு வருவதற்கு ஊரெல்லாம் சுற்றி, முதுகில் முத்திரை குத்திக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது பாவம். 'அன்புடையீர்' என்று ஆரம்பித்திருக்கிறாய். பிறந்ததிலிருந்து என்னை 'டேய் தடிமாடு' என்று கூப்பிட்டவள் நீ. அந்தத் தடிமாட்டில் இருந்த பாசம் இந்த அன்புடையீரில் துளிகூட இல்லை. என்மீது மூன்று புகார்கள் வந்திருக்கின்றனவாம். நான் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். தவறினால் தன்னார்வலர் அட்டையை ஒப்படைக்க வேண்டுமாம். என்னிடம் வாசிக்க வரும் பிள்ளை வேறொருவரிடம் மாற்றப்படுவாளாம். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "படியேறிப் போய்ப் பேசினா முடிஞ்சு போற விஷயத்துக்கு அக்காவும் தம்பியும் ஏன் ஸ்டாம்ப் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். அவளுக்கு நம் வீட்டு ரத்தம் தெரியாது. நீ எழுதினால் நானும் எழுதுவேன். எழுதிவிட்டேன், வாசி.

முதல் விஷயம், நான் இந்த வேலைக்கு மனுப் போட்டவன் இல்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். அடுத்தவர் கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதுபாட்டுக்கு நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தவன். ஆள் கிடைக்கவில்லை என்று நீதான் என் வாசலில் வந்து நின்று, "பெரியவங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடுக்கிறவனுக்கு ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்கக் கத்துக்குடுக்க முடியாதாடா?" என்று கேட்டாய். வந்தேன். குழந்தைகள் அறையில், முழங்கால் மோவாயை இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாய். கையில் கடிகாரம் இருக்க வேண்டும், பிள்ளையின் வாசிப்பு நிலைக்கேற்ற நிறத்தில்தான் புத்தகம் தர வேண்டும், எத்தனை தவறு என்று எண்ண வேண்டும், முடிந்ததும் கேள்வி கேட்க வேண்டும் என்று பலகையில் எழுதிக்கொண்டே போனாய். கூட்டம் முடிந்து நான் எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்தான் "மூச்சை உள்ள இழுங்க தம்பி, இழுங்க" என்று சொல்லி அதை என்னிடமிருந்து பிரித்தெடுத்தார். அன்றைக்கே நான் சகுனத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பிள்ளையை எனக்குக் கொடுத்தாய். அதற்கு முன்னால் அவள் அதே வங்கி மேலாளரிடம் இருந்தவள். 'ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை' என்று அவர் எழுதிக் கொடுத்துக் கைகழுவிவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் விதிப்படி, தொப்பியைத் தொலைத்த முயலைப் பற்றிய மஞ்சள் நிறப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். பார்க்கவே இல்லை. "முயல் பாவம்மா, தொப்பியைக் காணோமாம்," என்றேன். "அதுக்குத்தான் ரெண்டு காது இருக்கே, தொப்பி எப்படிப் போடும்? தொலைஞ்சதே நல்லது. எனக்கென்ன?" என்றாள். அடுத்து யானைக் கதை. "எனக்கென்ன?" அடுத்து நிலாவுக்குப் போன எறும்பு. "போகட்டும். எனக்கென்ன?" அன்றே அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஆனால் அக்கா, அவள் உட்கார்ந்திருந்த விதத்தை நான் தினமும் பார்க்கிறேன். ஓட்டுநர் தேர்வு நடக்கிற நாளில், பக்கத்து இருக்கையில் அதிகாரி குறிப்பேட்டோடு ஏறி உட்கார்ந்ததும், நேற்றுவரை நன்றாக ஓட்டிய ஆசாமி ஸ்டீயரிங்கைக் குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பவே மறந்து உட்கார்ந்திருப்பானே, அதே முதுகு, அதே தோள்பட்டை. அப்படிப்பட்டவனிடம் நான் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சும்மா வேடிக்கை பார்க்கச் சொல்வேன். ஆகவே அடுத்த வாரம் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, அவளைக் காரில் உட்கார வைக்க அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டேன். செவிலியர் அவர். வேலை முடிந்து நேராக வந்தவர், "நான் பின் சீட்ல கொஞ்சம் கண்ணை மூடிக்கலாம்னா எங்க வேணும்னாலும் உக்காருங்க," என்றார். மகாராணியை, நூலக வாசலில் நிறுத்தியிருந்த பயிற்சிக் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். சாவி என் சட்டைப் பையில். சும்மா ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தவள், விரலை நீட்டி, எழுத்தெழுத்தாக, "இங்கே... வண்டி... நிறுத்தா... தீர்கள்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க நிறுத்தியிருக்கீங்களே?" என்றாள்.

அவள் தானாக வாசித்த முதல் வாக்கியம் என் குற்றப்பத்திரிகை. சந்தோஷத்தில் நான் இருக்கையிலேயே ஒரு குதி குதித்தேன். அந்த நேரம் பார்த்துக் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். "பலகை தெரியலையா சார்?" "தெரியுதுங்க. இவதான் வாசிச்சா!" என்று நான் பல்லைக் காட்ட, அவர் நான் கேலி செய்வதாக நினைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்ததுதான் உன்னுடைய முதல் புகார். இதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டுமா? மாட்டேன்.

அதன்பிறகு புத்தகத்தைத் தொடவே இல்லை. தெருவில் நடந்தோம். அவள் கண்ணில் பட்ட பலகையெல்லாம் வாசித்தாள். மருந்துக் கடை, முடி திருத்தகம், 'நாய் உண்டு' என்று எழுதியிருந்த நாயில்லாத வீடு. கூடவே நூலகத்துக்கு வந்த வேறு சில வாண்டுகளும் சேர்ந்துகொண்டன. ரொட்டிக் கடை வாசலில் மாலை நேரத்து வரிசை நின்றது. மகாராணி மேலே பார்த்தாள், கூடையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள், பிறகு தெருக்கோடிவரை கேட்கும்படி, "மாமா, மேல 'இன்று சுட்டது'ன்னு போட்டிருக்கு. கீழ முந்தாநாள் தேதி போட்டிருக்கு. இது எந்த இன்று?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்குப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு வரிசை இல்லை. கடைக்காரர் என்னிடம் வந்து, "பிள்ளைகளை அடக்கி வைங்க சார்!" என்றார். "வாசிக்கிற பிள்ளையை எப்படிங்க அடக்குறது? நீங்க வேணும்னா தேதியைச் சின்னதா எழுதிப் பாருங்க," என்றேன். ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. ஆனாலும் இந்த இரண்டாவது புகாருக்கும் வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

மூன்றாவது புகார் லிஃப்ட். இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் உள்ளேதான் நின்றாய். ஆண்டு விழா மூன்றாம் மாடியில். சிறப்பு விருந்தினராகக் கல்வித் துறையின் பெரிய அதிகாரி. அவர் வாசலில் படம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டுக் கடைசியாக ஏறினார். கதவு மூடவில்லை. பீப் பீப் என்று சத்தம். எல்லோரும் கூரையைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம், ஒருவர் தொந்தியை ஒருவர் பார்த்தோம். சுவரில் இருந்ததை மகாராணிதான் பார்த்தாள். "ஆறு பேர் மட்டும் ஏறலாம்." விரல் விட்டு எண்ணினாள். "நாம ஏழு. கடைசியா வந்தவங்க இறங்கணும்." நீ என் முழங்கையை இடித்து, "டேய், நீ இறங்குடா," என்று பல்லுக்குள் சொன்னாய். நானும் காலை எடுத்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "மாமா முன்னாடியே ஏறிட்டாங்க. அவர்தான் கடைசி," என்று விருந்தினரைக் காட்டினாள். உன் முகம் போன போக்கை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அவர் நல்ல மனிதர். "பாப்பா சொல்றது சரிதானே," என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் படியேறினார்.

மேடைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு மட்டும் வந்து சேரவில்லை. கையில் கட்டுக் கட்டாகப் பேச்சு வைத்திருந்தார். மைக்கைப் பிடித்தார். "குழந்தைகளை..." என்றார். மூச்சு. "வாசிக்க..." என்றார். மூச்சு. "விடுங்கள்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அந்த அரங்கில் அப்படி ஒரு கைதட்டல் நான் கேட்டதில்லை. அத்தான்கூட விழித்துக்கொண்டு தட்டினார். அவர் புகார் கொடுக்கவில்லை. குழுத் தலைவர்தான் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். 'விருந்தினரை அவமதித்த தன்னார்வலர்' என்று அவர் எழுதினாராம். அவமதித்தது யார் என்று லிஃப்டில் எழுதி ஒட்டியவரைப் போய்க் கேட்கட்டும்.

இனி உன் புகார்க் கட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வாரம் சரியான மழை. தெருவில் நடக்க முடியாது. காரிலேயே உட்கார்ந்திருந்தோம். அவள் அம்மா வழக்கம்போலப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்ததால் ஒரு பலகையும் தெரியவில்லை. மகாராணி காருக்குள் இருந்த எழுத்தையெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டாள். சீட் பெல்ட்டின் ஓரத்தில் தைத்திருந்த துணித்துண்டைக்கூட விடவில்லை. நான் பேசாமல், ஆள் வரும்வரை பொழுதுபோக வண்டியில் வைத்திருக்கும் கதைப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு திருடன் நள்ளிரவில் ஒரு வீட்டுக்குள் குதிக்கிறான். குழந்தை வீறிட்டு அழுகிறது. அவனும் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். மனசு கேட்காமல் தூக்கிவிடுகிறான். அது அவன் தோளிலேயே தூங்கிவிடுகிறது. கீழே விட்டால் அழுகிறது. நான் சிரித்துவிட்டேன். "என்ன சிரிப்பு?" என்றாள். "ஒண்ணுமில்ல, உனக்கென்ன?" என்றேன். கழுத்தை எக்கிப் பக்கத்தைப் பார்த்தாள். நான் மறுபடி சிரித்தேன். அவ்வளவுதான், புத்தகம் என் கையில் இல்லை.

அவள் ஸ்டீயரிங்மேல் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, விரலை வரியில் ஓட்டி, உதட்டை அசைத்து வாசித்தாள். நான் எண்ணவில்லை. திருத்தவில்லை. கேள்வி கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரனுக்கு எப்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அக்கா. என் தொழிலே அதுதான். மழை விட்டது. அவள் அம்மா கண் விழித்து, "போலாமாடி?" என்றார். "இரும்மா. திருடன் இன்னும் வீட்டைவிட்டு வெளிய வரல." "ஐயோ, யார் வீட்ல திருடன்?" என்று அவர் பதறி எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் நெற்றியைத் தடவிக்கொண்டே மகள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் ஒன்று போனது. இன்னொன்றும் போனது. அவர் இறங்கச் சொல்லவே இல்லை.

ஆகவே, அன்புடையீர், என் முடிவைச் சொல்கிறேன். ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிக்க வைத்தவன் நான். உன் கடிகாரமும் உன் நிறப் புத்தகங்களும் செய்யாததைச் செய்தவன். வருத்தம் தெரிவிக்க மாட்டேன். காவலாளியிடம் மாட்டேன், கடைக்காரரிடம் மாட்டேன், குழுத் தலைவரிடம் மாட்டவே மாட்டேன், உன்னிடம் இந்த ஜென்மத்தில் மாட்டேன். அட்டையையும் தர மாட்டேன். வேண்டுமானால் நீ படியிறங்கி வந்து பிடுங்கிக்கொள். அவளை மறுபடி அந்த வங்கி மேலாளரிடம் மாற்றினால், ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலக வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அந்தப் பலகைக்கு நேர் கீழே நிறுத்துவேன். கதவைத் திறந்தே வைத்திருப்பேன். வருகிற பிள்ளையெல்லாம் ஏறட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகனுக்கு என் ஆசிகள்; அவனுக்கும் கார் கற்றுக்கொள்ளும் வயது வந்தால் உன்னிடம் சொல்லாமல் என்னிடம் வரச் சொல். நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த ஆரோக்கியத்தோடும், முடிந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் கழுத்தோடும் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத,
உன் தம்பி.

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் மகாராணியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியதை அவளே வாசித்தால் எப்படிப் பெருமைப்படுவாள் என்று பார்க்க ஆசை. மடமடவென்று வாசித்தாள். அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, முகம் சிவக்க, "எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு யார் சொன்னா?" என்றாள். "பேங்க் தாத்தா எழுதிக் குடுத்தாரேம்மா," என்றேன். "அவர் வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் வாசிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். தெரியாதுன்னு சொன்னேனா? வீட்ல களைச்சுப் படுத்திருக்கிற எங்கம்மாவுக்கு தினமும் பேப்பரே நான்தான் வாசிச்சுக் காட்டுறேன்." "அப்ப என்கிட்ட ஏன் எழுத்தெழுத்தா வாசிச்சே?" என்றேன். "நீங்க ரொம்ப சந்தோஷப்பட்டீங்க. அதான்," என்றாள்.

ஆக அக்கா, நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மேலே எழுதிய வீரமெல்லாம் இப்போது எதில் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அடித்து எழுதவும் மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். உன்னிடம் கேட்க மாட்டேன் என்ற மன்னிப்பை அவளிடம் கேட்டாயிற்று. இன்னும் பதில் வரவில்லை. யோசித்துச் சொல்கிறாளாம்.