இரண்டாவது பிரேக் இல்லாத வண்டி

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். வலது தோள்பட்டை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அதைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் முழு உடம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாற்றலாகிப் போகும்போது, புது வீட்டில் இடமில்லை என்று உங்கள் மலை சைக்கிள்கள் இரண்டையும் எங்கள் வராந்தாவில் சாத்திவிட்டுப் போனீர்களே, வினை அங்கேதான் ஆரம்பித்தது. நான் பாட்டுக்கு அவற்றின் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். உங்கள் தங்கைதான், "சும்மா நிக்குதே, ஓட்டிப் பார்க்கலாமா?" என்றாள். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவன் நான். ஊரில் பாதிப் பேர் என் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். இரண்டு சக்கரம் எனக்கு எம்மாத்திரம் என்று தலையாட்டிவிட்டேன்.

ஊருக்கு வெளியே காட்டுப் பாதையில் ஞாயிறு காலைகளில் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருபவர் ஒரு பல் டாக்டர் அம்மா. என்னைப் பார்த்ததும், நான் முன்பின்னாகப் போட்டிருந்த தலைக்கவசத்தைக் கழற்றி, சரியாகத் திருப்பி மாட்டிவிட்டார். மரியாதை அங்கேயே கொஞ்சம் இறங்கியது. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்ற பிறகு கியரை மாற்றினேன். செயின் கழன்று தொங்கியது. வந்திருந்தவர்களில் எங்கள் தெருத் தையல்காரரும் ஒருவர். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவராகவே வாக்குக் கொடுத்தார், அதனால் இப்போது தெருவுக்கே தெரியும்.

இறக்கத்தில் சீட்டில் உட்காரக் கூடாதாம். பெடல் மேல் நின்று, முட்டியை மடக்கி, பிரேக்கைத் தடவுகிற மாதிரி பிடிக்க வேண்டுமாம். என் தொழில் உங்களுக்குத் தெரியுமே, பயிற்சிக் காரில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பயப்படும் முன்னே நான் பயந்து அதை மிதித்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை. புதரிலிருந்து என்னை எடுத்து மண் தட்டி நிறுத்தியபின் டாக்டர் அம்மா, "எங்க போகணுமோ அங்க பாருங்க சார். எதுல மோதக் கூடாதோ அதைப் பார்க்காதீங்க" என்றார். எதில் மோதக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவனிடம் போய் இதைச் சொன்னால்? அடுத்த வளைவில் நட்ட நடுவே ஒரு மரம், இரண்டு பக்கமும் லாரி போகிற அளவுக்கு வழி. மரத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மிகக் கவனமாகப் போய், அதன் மேலேயே முட்டினேன். தோள்பட்டை அப்போது போனதுதான்.

அடுத்தது உங்கள் தங்கை. அவளுக்கு நான் கார் சொல்லிக் கொடுத்த அழகு உங்களுக்கு மறந்திருக்காது. அவள் ஆக்ஸிலேட்டரைத் தொடும்போதெல்லாம் என் கால் பிரேக்கில் இருந்தது. சாவியை என் மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனவள், அதன்பிறகு சாலையைக் கடக்கக்கூட என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். அவள் இப்போது மேட்டின் மேல் நிற்கிறாள், நான் கீழே. சும்மா இருப்பேனா? "கல்லு இருக்கு பாரு, அந்தப் பக்கம் வேரு" என்று கத்தினேன். கல் என்றதும் கல்லைப் பார்த்தாள், கல்லில் ஏறினாள். வேர் என்றதும் வேரில் சறுக்கி விழுந்தாள். முழங்கை சிராய்த்துவிட்டது. டாக்டர் அம்மா என்னிடம் வந்து, "சார், கொஞ்சம் வாயை மூடுங்க" என்றார். ஒரு பல் டாக்டர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே போனாள். நான் வாயை மூடிக்கொண்டேன், காலை என்ன செய்வது? அவள் இறங்க ஆரம்பித்ததிலிருந்து, என்னைத் தாண்டி அடிவாரத்தில் போய் நிற்கும்வரை, வலது காலால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஷூ புதைந்து மண்ணில் பள்ளமே விழுந்துவிட்டது மச்சான். அவள் விழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மறுபடி மேலே போகிற வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

வரும் ஞாயிறு பெரிய இறக்கமாம். கழுதை முதுகு என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. தயவுசெய்து நீங்கள் போன் போட்டு, இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் முறையில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறாள். ஆள் அனுப்பி அந்தச் சைக்கிள்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், புண்ணியமாகப் போகும். நான் பயப்படுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பழியைத் தோள்பட்டை மேல் போடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு, எதிலும் மோதாமல் வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தைலம் மணக்க,
உங்கள் மாப்பிள்ளை.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் தங்கை முழங்கைக் கட்டை மாற்றச் சொல்லி வந்து உட்கார்ந்தாள். மருந்து போட்டுக்கொண்டே, ஞாயிறு போகாவிட்டால்தான் என்ன, பயமாக இல்லையா என்று மெல்லக் கேட்டேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா இது என் பயம். இத்தனை வருஷமா எனக்கும் சேர்த்து நீங்களே பயந்துட்டீங்க" என்றாள். நான் பஞ்சை இன்னும் கொஞ்சம் பிய்த்தேன். ஆகவே மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போனும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். ஞாயிறு நான் முதலில் இறங்கி, கீழே போய் நின்றுகொள்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"நில்லுங்க. பாதையை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள்.